பெரிய கோவிலுக்குள் சின்னக் கோவில்

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் அருமை மனைவி எழுதிக்கொள்வது. நான் நலம், அத்தை நலம், அத்தையின் முழங்கால் வலியும் நலமே. உங்கள் கடிதம் வந்தது. அங்கேயே இன்னும் இரண்டு வருடம் வேலையில் இருக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் பிறகு. முதலில் நம் பங்குக் கோவில் சமாசாரம்.

கோவிலைப் பழுது பார்க்கிறார்கள். எனக்கும் அதில் வேலை கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் சாரத்தில் ஏறி வளைவுக் கூரையில் சுண்ணாம்பு சுரண்டுகிறார்கள். மேஸ்திரி என்னை மட்டும் ஏணிப் பக்கமே விடுவதில்லை. கீழே உட்கார்ந்து, தரையிலிருந்து பெயர்த்த ஓடுகளைக் கழுவுகிறேன். காரணம், ஆறாவது மாதம் நடக்கிறது. நீங்கள் விடுமுறை முடிந்து போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். முதல் குழந்தையைப் போல ஆகிவிடுமோ என்று பயந்தே எழுதாமல் இருந்தேன்.

ஓடுகளைப் பெயர்த்தபோது கோவிலின் நடுவில் ஒரு சின்னக் கட்டடத்தின் அடிச்சுவர் தெரிந்தது. வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். கட்டட இன்ஜினீயர் அம்மா பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு விளக்கினார். அந்தக் காலத்தில் இங்கே சின்னக் கோவில்தான் இருந்ததாம். ஜனம் பெருகியதும் பெரிதாகக் கட்ட நினைத்தார்கள். ஆனால் ஒரு ஞாயிறுகூடப் பூசை நிற்கக் கூடாது என்று பங்கு மக்கள் ஒற்றைக் காலில் நின்றார்களாம். அதனால் சின்னதை இடிக்காமல், அதைச் சுற்றியே பெரிய சுவர்களை எழுப்பினார்கள். தூண், வளைவு, கூரை எல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளே இருந்ததைக் கல் கல்லாகப் பிரித்து வெளியே தூக்கிப் போனார்கள். ஞானஸ்நானத் தொட்டி மட்டும் ஒரே கல். அதற்கென்று புதிதாகக் கட்டிய அறையின் வாசலோ தொட்டியைவிடக் குறுகல்! அதனால் அது இன்றுவரை நடுவழியிலேயே நிற்கிறது. “அளவெடுக்குறப்ப ஒருத்தர்கூடவா தொட்டியப் பாக்கல?” என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நான் அந்தச் சின்னச் சுவர்த் தடத்துக்குள் உட்கார்ந்திருப்பேன். மேல் ஜன்னலின் நீல வெளிச்சம் மெல்ல நகர்ந்து மடிக்கு வரும். இல்லாத சுவர்கள் என்னைச் சுற்றி எழுந்து நிற்பதுபோல் இருக்கும். வெளியே உளிச் சத்தம், உள்ளே முழந்தாளிட்டவர்களின் முணுமுணுப்பு, இரண்டும் கேட்கும். அப்போது பார்த்து வயிற்றில் ஓர் உதை விழும். “சும்மா இரு, பூச நடக்குது” என்று அதட்டுவேன். சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்குப் பயமே இருப்பதில்லை.

மற்ற நேரமெல்லாம் பயம்தான். நம் மகளின் அடக்கப் பூசையன்று நீங்கள் உள்ளே வராமல் கோவில் படியிலேயே நின்றுவிட்டீர்கள். “இனி இங்க எனக்கு என்ன இருக்கு?” என்று கேட்டீர்கள். நான் இருந்தேனே. அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபமும் உண்டு.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நம் மகளுக்குப் பெயர் வைத்தது நீங்கள்தான். இந்தப் பிள்ளைக்கும் நீங்களே வைக்க வேண்டும், நேரில் வந்து. கடிதத்தில் எழுதி அனுப்பினால் பிரிக்க மாட்டேன். அத்தை கோபித்தாலும் சரி, சாமியாரே சொன்னாலும் சரி, நீங்கள் வரும்வரை நம் பிள்ளை பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி