எலுமிச்சைச் சாறு என்று எழுதிய கேன்

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் உலகத்தாருக்கு அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டிலிருந்து பால், வெண்ணெய், தக்காளி ஆகியோர் பதவி நீக்கம் செய்யப்பட்டு, அப்பாவின் சிறுநீர்க் கேன் இரண்டாம் முறையாகப் பதவியேற்றுள்ளது. பால் எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில் தஞ்சம் புகுந்திருக்கிறது. அடியேன் ஒருமனதாக நீர்வளத் துறை அமைச்சராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். ஒருமனது என்றால் அம்மாவின் ஒரு மனது.

நீ கேட்ட குப்பிகளோடு இந்தக் கடிதமும் அதே ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள். ஆய்வுக்கூடத்தில் உனக்குப் பழகியிருக்கும். எனக்குப் பழகவில்லை, பழகவும் வேண்டாம். நுரை, அக்கா. சோப்புத் தண்ணீரைக் கலக்கிவிட்ட மாதிரி, போகச் சொன்னாலும் போகாத நுரை. மூடியைத் திறந்தால் வாடை மூக்கில் ஏறி நாக்கில் இறங்குகிறது. அதைக் குலுக்கி, புனல் வைத்துக் குப்பிகளில் ஊற்றுவதும் நானே. விரல் ஊறும்வரை கழுவினாலும் சாப்பாட்டில் கை வைக்க மனம் வரவில்லை. கீழ்த்தட்டில் இருக்கிற அப்பாவி வெள்ளரிக்காயைப் பார்த்தால்கூடக் குமட்டுகிறது. அம்மா கேனுக்குக் கறுப்புப் பையால் முக்காடு போட்டு வைத்திருக்கிறாள்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். லிஃப்டைப் பழுதுபார்க்க மாடி மாடியாக ஏறி இறங்கின மனிதர், இப்போது செருப்புக்குள் பாதம் நுழையாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மா கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். குழி விழுந்து அப்படியே நிற்கிறது. கேனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போகும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார். ஒருநாள் மட்டும், "பெத்த பிள்ளை கையில இதைத் தூக்கிக் குடுக்க வேண்டியிருக்கு, ச்சீ" என்றார். நான் கிண்டல் எதுவும் செய்யவில்லை. சரித்திரத்தில் குறித்துக்கொள்.

வேலை தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் நம் மாமாவுக்கு ஒரு சந்தேகம். இங்கே இருக்கிற டாக்டர்களுக்குப் பிடிபடாதது உனக்கு மட்டும் எப்படிப் பிடிபடுமாம். நீ ஃபோனில் சொன்னதை நானே கண்டுபிடித்த மாதிரி எடுத்துவிட்டேன். அந்த நுரை, சிறுநீரில் தப்பி வருகிற புரதத்தால் வருவது. புரதம் ஒரு மணிமாலை. எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி என்று தெரிந்தால்தான் அது என்ன மாலை, எங்கே கெட்டிருக்கிறது என்று தெரியும். அதைப் பொறுத்துத்தான் மருந்து. உங்கள் கூடத்தில் இருப்பதோ டி.என்.ஏ.வைப் படிக்கிற இயந்திரம். அதனால் மாலையை நுனியிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றி, கடையில் சோப்புக்கு ஒட்டுகிற பார்கோடு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் டி.என்.ஏ. துண்டு ஒன்றை ஒட்டுகிறீர்கள். என்ன மணி, எத்தனையாவது மணி, எந்த மாலையின் மணி என்பதெல்லாம் அந்தத் துண்டிலேயே இருக்கும். கோடி மாலைகளை ஒன்றாகக் கொட்டிக் கலக்கினாலும், துண்டுகளைப் படித்து வரிசையைத் திரும்பக் கோத்துவிடலாம். மாமா வாயைப் பிளந்துவிட்டார். "அக்காவைவிட நீ நன்றாகச் சொல்கிறாய்" என்றார். பொறாமைப்படாதே.

அதே மாமாவை முதல் கேன் சமயத்தில் நான் கவிழ்த்த கதை உனக்குத் தெரியாதே. முக்காட்டை உருவிவிட்டு, கேன்மேல் "எலுமிச்சைச் சாறு. மாமா தொடக்கூடாது" என்று எழுதி ஒட்டினேன். தொடாதே என்றால் தொடாமல் இருப்பவரா அவர்? திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆசையாக ஓர் இழுப்பு இழுத்தார். அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் இருந்த நம் பால் திரிந்திருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடியவர், அன்றைக்கு முழுக்கத் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார். அந்தக் கலவரத்திலும் கேனைக் காப்பாற்றி உள்ளே வைத்தவர் யார்? சாட்சாத் அமைச்சர்தான்.

போன வாரம் நீ பேசியபோது அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள். பாதி மாலைகளில் ஓர் இடத்தில் நல்ல மணி, மீதிப் பாதியில் அதே இடத்தில் கெட்ட மணி என்றாய். அது அப்பாவுக்குப் பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம், அப்படியானால் நமக்கும் பார்க்க வேண்டும் என்றாய். இன்னொரு கேன் பார்த்துவிட்டுத்தான் முடிவு, அதுவரை டாக்டர் மருந்தை ஆரம்பிக்கமாட்டார் என்றாய். "அதென்னடி பாதி?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அக்கா, கேனை நான் காப்பாற்றவில்லை. மாமா அதைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடினார். பாதிக்கு மேல் தரையில். அம்மா வேலைக்குப் போகும்முன் அளவுக்காகக் கேனில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள். தரையைத் துடைத்தேன். பிறகு கோடு வரைக்கும் நிரப்பினேன். என்னுடையதால். தண்ணீர் ஊற்றினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று யோசித்த மகா புத்திசாலி நான்.

எந்த மாலை, எத்தனையாவது மணி என்று உன் பார்கோடுக்குத் தெரியும். எந்த ஆள் என்று அதற்குத் தெரியாதே. அப்பா இங்கே கால் வீங்கி மருந்துக்குக் காத்திருக்கிறார். கேனைப் பார்த்துக் குமட்டுகிறது என்று மேலே எழுதினேன். இப்போது கண்ணாடியைப் பார்த்தாலே குமட்டுகிறது.

இந்த முறை அப்பா கேனைக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். "லேபிளை நீயே எழுதுடா. ஒழுங்கா எழுது" என்றார். எலுமிச்சை லேபிள் கதையை மாமா சொல்லியிருப்பார் போல. ஒழுங்காகத்தான் எழுதினேன். இதில் வேறு யாருடையதும் ஒரு சொட்டுகூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். அப்பாவைக் கழித்தால் மிச்சம் நான்.

கெட்ட மணி அப்பாவுடையது என்றால் டாக்டரிடம் உடனே பேசி மருந்தை ஆரம்பிக்கச் சொல். என்னுடையது என்றால் ஃபோனில் சொல்லாதே, அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். கடிதமாகப் போடு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, முழுதாகப் படிக்கிறேன்.

அன்றைக்கு இருந்த அவசரத்தில் என்னுடையதில் நுரை இருந்ததா என்று கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் கவனிக்கிறேன். உயரத்திலிருந்து விழுந்தால் யாருடையதிலும் கொஞ்சம் நுரை வரும்தானே, அக்கா?

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
நீர்வளத் துறையை ராஜினாமா செய்த
தம்பி