நர்ஸிடம் சொன்ன பொய்

இதய நோய் ஆராய்ச்சிக்காகக் கேள்வி கேட்க வந்த நர்ஸிடம் புருஷன் லியோனார்ட் சொன்ன பொய் பிலோமிக்கு ஆறவேயில்லை. வேலைக்குக் கிளம்புமுன் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தாள்:

"பீடியே தொடறதில்ல, நெஞ்சு வலின்னா இன்னான்னே தெரியாதுன்னு வாய் கூசாம சொல்லிக்கீற. ஹார்பர்ல மூட்டைய போட்டுட்டு நெஞ்சப் புடிச்சிக்கினு குந்துனத உன் தோஸ்து பிராங்கிளினே சொல்லிட்டாரு. உங்கண்ணனும் இப்படி மறைச்சித்தான் நாப்பது வயசுல செத்துப் பூட்டாரு. பத்து மணிக்கு நர்ஸம்மா ரத்தம் எடுக்க வரும். அதுவரைக்கும் டீகூட குடிக்காத. கஞ்சி மூடி வெச்சிக்கீறேன்."

அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"நீ உண்மைய சொல்ல மாட்ட. அதான் நேத்தே நான் நர்ஸம்மாகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். சாயங்காலம் ஈசிஜி எடுக்கணுமாம். ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். திட்றதா இருந்தா அங்க வந்து திட்டு."