விளக்கு வைத்தபின் கேட்ட உப்பு

டிசம்பர் 4, வியாழன்

இன்று இந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், கங்கையம்மாள். என் மகன் மோகன்ராஜ். மருமகள் சுபத்ரா. பேத்தி தமிழினி, மூன்று வயது. முதல் மாடியில் என் கொழுந்தனார் அரிகிருஷ்ணன், அவர் பெண்டாட்டி பாலாம்பாள். வேறு யாரும் இல்லை. பிற்பாடு யாராவது நானும் இருந்தேன், நானும் பார்த்தேன் என்று கதை விட்டால் நம்ப வேண்டாம்.

விடிவதற்குள் ஆற்றுத் தண்ணீர் எங்கள் முடிச்சூருக்குள் வந்துவிட்டது. கீழ்வீட்டில் இடுப்பளவு. நாங்கள் நாலு பேரும் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்கு ஏறினோம். அரிசி, சர்க்கரை, அடுப்பு, ஒரு தண்ணீர் கேன். இவ்வளவுதான் மோகனால் தூக்க முடிந்தது. நான் உப்பு ஜாடியை எடுக்கப் போனேன். கவிழ்ந்து கிடந்தது. உப்பு போன இடம் தெரியவில்லை.

ஏறும்போது பாலாம்பாள் கதவைத் திறந்து பார்த்தாள். "இன்னா அக்கா, குடும்பத்தோட மேல்லோகம் போறீங்களா?" என்று சிரித்தாள். எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. நேற்று கீழே சம்ப் தொட்டித் தண்ணீரைக் குடித்திருக்கிறது, அதில் சாக்கடை கலந்திருக்கிறது. சுபத்ரா கேன் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். குடிக்கிறது, போகிறது. குடிக்கிறது, போகிறது.

டிசம்பர் 6, சனி. தாம்பரம், ஆஸ்பத்திரி

எழுதாவிட்டாலும் மறக்க மாட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் தமிழினி அழுதாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. ஒரு தடவை கைகால் வெட்டி இழுத்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நர்ஸ் அருள்மேரி தன் மாடிக்கு ஓடி வந்தாள். தெரு முழுக்கத் தண்ணீர். அங்கிருந்தே கத்தினாள்.

"வெறுந்தண்ணி குடுக்காதீங்க பெரிம்மா. போறது தண்ணி மட்டும் இல்ல, உடம்புல இருக்கிற உப்பும்தான். வெறுந்தண்ணியா ஊத்துனா மீதி உப்பும் நீர்த்துப்போய் இப்படித்தான் இழுக்கும். ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். தலைதட்டிப் போடுங்க, உப்பு கூடினாலும் ஆபத்து. முழிச்சிகினு இருந்தா மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. மீட்பு போட்டுக்கு போன் பண்ணிட்டேன்."

"உப்பு இல்லடி."

அவள் சமையல்கட்டும் தண்ணீருக்குள்தான். கைப்பையில் இருந்த ஒரே உப்புக்கரைசல் பாக்கெட்டை எங்கள் பக்கம் வீசினாள். பாதித் தெருவில் விழுந்து மிதந்து போனது.

சுபத்ரா முதல் மாடிக்கு ஓடினாள். வெறுங்கையோடு வந்தாள். "விளக்கு ஏத்திட்டாங்களாம் அத்தை. வெள்ளிக்கெழம உப்பு குடுத்தா லட்சுமி போயிடுவாளாம். காலைல வான்றாங்க."

காலையில் வாங்கி யாருக்குக் கொடுக்கிறது?

இறங்கினேன். மோகன் கையைப் பிடித்தான். "பொறும்மா, பதமா கேக்கலாம்." உதறினேன்.

பாலாம்பாள் இடுப்பில் அந்த ஜாடி. என் மாமியாருடைய பீங்கான் ஜாடி. பாகம் பிரித்த அன்று, இது மூத்தவளுக்கு என்று மாமியார் சொன்னதைப் பங்காளிகள் எல்லாரும் கேட்டார்கள். இவள் முந்தானைக்குள் மறைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு மட்டும் லட்சுமி எந்த வாசல் வழியாகப் போனாள்?

"உனக்குத் தெரியாத சாஸ்திரமா அக்கா? எம் பேரனே கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"புள்ள சாவுதுடி."

"விளக்கு எரியுது, வாயக் கழுவு."

கொண்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் மண்டை நிலைப்படியில் இடித்தது. என் கையைக் கடித்தாள், நான் விடவில்லை. பிடுங்கும்போது ஜாடி உடைந்து அவள் உள்ளங்கையைக் கிழித்தது. அரிகிருஷ்ணன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே என் முதுகில் குத்தினார். என்ன மரியாதை. விளக்கை உதைத்தேன். ஆமாம், உதைத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து, ரத்தம் படாத உப்பாகப் பார்த்து முந்தானையில் அள்ளினேன்.

அருள்மேரி சொன்ன அளவில் கலக்கினேன். முதல் ஸ்பூன் வாயோரம் வழிந்தது. அப்புறம் விழுங்கினாள். அப்புறம் நாக்கை நீட்டிக் கேட்டாள். போட் வந்தது.

டிசம்பர் 8, திங்கள்

டாக்டரம்மா சொன்னாள்: ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் என்று இரண்டு உப்பு இறங்கிப் போயிருந்ததாம். மூளையும் இதயமும் அதை வைத்துத்தான் ஓடுகிறதாம். "அந்தத் தண்ணி உள்ள போகலன்னா போட் வந்தும் பிரயோஜனம் இல்ல பாட்டி." மோகன் தலை குனிந்து நின்றான். அவன் ஏன் குனிகிறான்?

டிசம்பர் 12, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பாலாம்பாள் கையில் தையலாம். இருக்கட்டும். அரிகிருஷ்ணன் போலீசுக்குப் போவாராம். போகட்டும். இன்ஸ்பெக்டர் கேட்டால் விளக்கை உதைத்ததையும் சேர்த்துச் சொல்லுவேன்.

டிசம்பர் 15, திங்கள்

போலீஸ் வரவில்லை. ஏன்?

டிசம்பர் 19, வெள்ளி

தமிழினி மாங்காய் ஊறுகாயை நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று அடம்பிடித்தாள். முதுகில் ஒன்று வைத்தேன். ஓவென்று அழுதாள். கண் நிறையத் தண்ணீர். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் வாசல் சேற்றைக் கழுவும்போது பாலாம்பாள் கட்டுப்போட்ட கையோடு இறங்கி வந்தாள். முகமெல்லாம் பெரிய மனசு.

"பரவால்ல அக்கா, நான் மனசுல வச்சுக்கல. நீ மன்னிப்பு கேட்டன்னு மோகன் சொன்னான். நேர்ல வர வெக்கமா கீதுன்னியாமே? நீ குடுத்தனுப்புன கல்லுப்பும் புது ஜாடியும் வந்துச்சு. விளக்கு வெக்கறதுக்கு முன்னாடியே கொண்டாந்து வச்சிட்டான். நல்ல புள்ள."

குழாயை மூடினேன். உள்ளே மோகன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "ஒரே வூட்ல இருக்கணுமேம்மா. சித்தி கேசு குடுத்தா இன்னா பண்றது? ஒரு வார்த்தைதானே."

ஒரு வார்த்தைதான். அது என் வார்த்தை இல்லை.

பாலாம்பாளுக்கும் எனக்கும் இருந்தது அந்த நிலைப்படியில் அடித்துத் தீர்ந்துவிட்டது. அவள் கை ஆறட்டும். கடித்த தழும்பு எனக்கும் இருக்கிறது.

ராத்திரிச் சோற்றை வைத்தேன். குழம்பில் உப்பு சரியாகத்தான் போட்டேன். "நல்லா கீதும்மா" என்றான். நான் பேசவில்லை. இனியும் பேச மாட்டேன். நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான்: என் வயிற்றில் பிறந்த மோகன்ராஜ்.