அறுபத்திரண்டு வயதில் பன்னிரண்டு வாரக் கர்ப்பம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எடை, அளவு முத்திரை ஆய்வாளர் (பெண், வயது 62),
நோயாளி எண் 4417,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, மாடி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: நான் கர்ப்பமாக இல்லை என்பதைத் தெரிவித்தல், செப்டம்பர் 7-க்குக் குறிக்கப்பட்ட வயிற்று ஸ்கேனை இந்த வாரமே எடுக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் கணினி எனக்கு அனுப்பிய ஏழு வாழ்த்துச் செய்திகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறி, தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவள் நான். அளக்காததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. மார்ச் மாதம் முதல் என் வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்றாகிவிடுகிறது. அடிவயிற்றில் இடப்பக்கம் மந்தமான வலி. பேருந்து ஏறுவதற்கு முன் இரண்டு முறை, இறங்கியதும் ஒரு முறை கழிப்பறை தேட வேண்டியிருக்கிறது. ஞாயிறுதோறும் காலையில் வெறும் வயிற்றில் நாடா வைத்து அளந்து குறித்திருக்கிறேன். பட்டியல் இணைப்பு 1-இல் உள்ளது. 86 செ.மீ. இருந்த இடுப்பு இன்று 94. இதே காலத்தில் என் எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. எடை பார்த்த இயந்திரம் இந்த ஆண்டு முத்திரை பெற்றது என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

2. மே 25 அன்று தங்கள் மகளிர் பிரிவுக்கு வந்தேன். நான்காம் கவுண்டரில் இருந்த பதிவுக்காரத் தம்பி பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் கேட்டார். பதினோரு வருடம் முன்பு என்றேன். அவர் தட்டினார், கணினி சிவப்பாக ஏதோ காட்டியது. பத்து மாதத்துக்கு முந்தைய தேதி எதையும் அது ஏற்றுக்கொள்ளாதாம். காலியாக விடவும் விடாதாம். "அம்மா, ஏதாவது ஒரு தேதி சொல்லுங்க. இல்லன்னா அடுத்த பக்கமே திறக்காது. பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்க" என்றார். நான் சொல்லவில்லை. அவராகவே ஏப்ரல் 20 என்று போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. எத்தனையோ வியாபாரிகளின் பொய்க் கணக்கைப் பிடித்தவள், என் வயிற்றின் மேல் எழுதப்பட்ட பொய்யை விட்டுவிட்டேன். இந்தப் பிழையில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன்.

3. அந்த நிமிடம் முதல் நான் தங்கள் பதிவேட்டில் கர்ப்பிணி. என் சீட்டு மருத்துவரிடம் போகாமல் மருந்து ஜன்னலுக்குப் போனது. இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் மாத்திரையும் கொடுத்தார்கள். வயிற்று ஸ்கேன், வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேனாக, செப்டம்பர் 7-க்குத் தானாகவே குறிக்கப்பட்டது. இந்த ஊரில் வேறு ஸ்கேன் இயந்திரம் கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே.

4. பிறகு செய்திகள் வரத் தொடங்கின. முதலில் என் குழந்தை பட்டாணி அளவு என்றார்கள். அடுத்து திராட்சை. நேற்றைய நிலவரப்படி எலுமிச்சம்பழம். என் கணவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பிள்ளை கல்லூரி முடிக்கும்போது தமக்குத் தொண்ணூறு ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பக்கத்து வீட்டம்மாவிடமும் சொல்லி வைத்தார். அந்த அம்மாள் மூன்று நாள் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்தார். நானும் சிரித்தேன் ஐயா, மறைப்பானேன். போன வாரச் செய்தியில் "வயிறு பெரிதாவது இயல்பே, மகிழுங்கள்" என்று இருந்தது. கணவர் அதை உரக்கப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் அந்தக் கேலியைச் செய்வதில்லை.

5. ஜூன் 22 அன்று பதிவைத் திருத்தக் கேட்டு மீண்டும் வந்தேன். திருத்த வழியில்லை, முடிக்கத்தான் வழியுண்டு என்றார் அதே தம்பி. முடிப்பதற்குக் கணினி மூன்று காரணங்கள் வைத்திருக்கிறது: பிரசவம், கருச்சிதைவு, வேறு மருத்துவமனைக்கு மாற்றம். கர்ப்பமே இல்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எது பிடிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒரு பொய்யை அழிக்க இன்னொரு பொய்யில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

6. அன்று என் மகளும் உடன் வந்தாள். வயது 34, லிஃப்ட் மெக்கானிக். தன் பெரியம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, வந்த சினைப்பைப் புற்றுநோய் தனக்கும் வருமா என்று கேட்டுத் தெளிய வந்தாள். சண்டை போட்டு இருவரும் பணி மருத்துவரின் அறைக்குள் போனோம். அவர் என்னிடம், "உங்களுக்கு எல்லாம் நின்னு பதினோரு வருஷம் ஆச்சு. வேலை செய்யாத சினைப்பைல என்ன வரப்போகுது? போன வருஷம் எடுத்த கர்ப்பப்பை வாய் டெஸ்டும் நார்மல்னு இருக்கு. வயசானா வாயு இருக்கத்தான் செய்யும்" என்றார். மகளிடம், "முப்பத்தஞ்சு கூட ஆகல, இப்பவே என்ன பயம்? ஐம்பது தாண்டினப்புறம் வா" என்றார். "அம்மா ஐம்பது தாண்டி பன்னிரண்டு வருஷம் ஆச்சே டாக்டர்" என்றாள் மகள். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆக, ஒரே அறையில், ஐந்து நிமிடத்துக்குள், எங்கள் வீட்டில் ஒருத்திக்குக் காலம் வரவில்லை, இன்னொருத்திக்குக் காலம் போய்விட்டது. ஒரு பெண்ணின் சினைப்பை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை நோய்வாய்ப்படத் தங்கள் மருத்துவமனை அனுமதிக்கிறது என்று எழுத்துமூலம் தெரிவித்தால், நாங்கள் அதற்கேற்ப நடந்துகொள்வோம்.

7. தாழ்வாரத்தில் ஊசி போடும் செவிலியர் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இரண்டு ஊசிகளுக்கு நடுவே அவர் சொன்னது இது: "வயசு ஏற ஏறத்தாம்மா இது வர வாய்ப்பு கூடும். பீரியட்ஸ் நின்னவங்களுக்குத்தான் அதிகமா வருது. சின்ன வயசுல வராதுன்னு இல்ல, குறைவு. ஆனா வீட்ல அம்மா, அக்கா, பெரியம்மான்னு யாருக்காவது வந்திருந்தா ஐம்பது ஆகட்டும்னு காத்திருக்கக் கூடாது. இப்பவே சொல்லிப் பதிஞ்சு வைக்கணும், மரபணு பாக்குற ரத்த டெஸ்ட் தேவையான்னு கேக்கணும். அந்த வாய் டெஸ்ட் சினைப்பையப் பாக்கவே பாக்காது. உங்களுக்கு வாரக்கணக்கா உப்பல் போகலன்னா, பெரும்பாலும் வேற ஏதாவதாத்தான் இருக்கும். ஆனா பாத்துட்டுத்தான் அப்படிச் சொல்லணும்." அவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. தேடிப்பிடித்து விளக்கம் கேட்க வேண்டாம்; முடிந்தால் அவரை நான்காம் கவுண்டரில் உட்கார வையுங்கள்.

8. இந்த மனுவில் எழுத வேண்டாம் என்று நினைத்திருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். என் அக்காவுக்கு அறுபத்து மூன்றாம் வயதில் வயிறு உப்பியது. ஒரு வருடம் வாயு மாத்திரை சாப்பிட்டாள். ஒருநாள் பாவாடை நாடாவைத் தளர்த்திக்கொண்டே, "என்னடி இது, இப்படி ஊதுது" என்று என்னிடம் கேட்டாள். "வயசாச்சுல்ல, ஊதத்தான் செய்யும்" என்றேன். தங்கள் மருத்துவர் சொன்னதை அவருக்கு முன்பே சொன்னவள் நான்தான். கண்டுபிடித்தபோது சினைப்பையைத் தாண்டி வயிறு முழுக்கப் பரவியிருந்தது. ஏழு மாதம் இருந்தாள். எனக்கு அடுத்த ஜனவரியில் அறுபத்து மூன்று. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

9. ஆகவே, ஸ்கேனும் அதனுடன் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் எனக்கு இந்த வாரமே கிடைக்கவும், என் மகளின் குடும்ப விவரம் அவள் சீட்டில் ஏறவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தேதி கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் "நின்றுவிட்டது" என்று ஒரு கட்டம் சேர்த்தால், எனக்குப் பின்னால் நிற்கும் பெண்கள் கர்ப்பமாகாமல் தப்புவார்கள்.

10. புதன்கிழமை மாலை வரை தங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். வராவிட்டால் செய்யப்போவதை முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை. தங்கள் வாசலில் ஒரு பலகை இருக்கிறது: "கர்ப்பிணிகளுக்கு வயிற்றுவலி என்றால் வரிசை இல்லை, அன்றே ஸ்கேன்." வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அந்த வாசலுக்கு வருவேன். நோயாளி எண் 4417, பன்னிரண்டு வாரம், வயிற்றுவலி என்று சொல்வேன். வலி உண்மை. குழந்தைதான் பொய், அந்தப் பொய்யைச் சொன்னது தங்கள் கணினி.

இடம்: தங்கள் மருத்துவமனையிலிருந்து இரண்டு தெரு தள்ளி
தேதி: ஜூலை 14, செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
நோயாளி எண் 4417

இணைப்பு: 1. இடுப்பளவுப் பட்டியல். 2. வாழ்த்துச் செய்திகளின் நகல், பட்டாணி முதல் எலுமிச்சை வரை. 3. என் அக்காவின் மருத்துவ அறிக்கை.