மாவடு ஜாடியில் மின்சாரம்

ஆனைமலை,
7-7-1958

என் பிரியமுள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி சாந்தாமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் நம் மகளும் சுகம். தோட்டத்து ஆள் மாசாணத்திடம் நெய்யும் கருப்பட்டியும் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது. மூட்டையை வண்டியில் ஏற்றத் தெரிந்த மனுஷருக்குத் தானும் ஏறி உட்காரத் தெரியவில்லையா? பிள்ளை பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது, அப்பன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

நீங்கள் எதை நினைத்துத் தூங்காமல் கிடப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. பொள்ளாச்சி டாக்டரம்மா கை காலை நீட்டி மடக்கி, காதருகே கை தட்டிப் பார்த்துவிட்டு, "உன்னைவிடக் கெட்டியா இருக்கறா அம்மணி" என்றார். பசி வந்தால் தெருக்கோடி வரைக்கும் அழுகை கேட்கிறது. அந்த ஷாக் இவளை ஒன்றும் செய்யவில்லை.

தம்பிதுரை போன வாரம் அங்கே வந்துவிட்டு வந்து சொன்னான். ஜாடியைக் கல்லில் போட்டு உடைத்தீர்களாம். பெல்ட்டிலிருந்து மின்சாரம் பிடிக்க ஊசிகளைக் கோத்துச் செய்த அந்தச் சீப்பைக் கிணற்றில் வீசினீர்களாம். ஆயில் எஞ்சினை ஓட்டிவிட்டு, பெல்ட் பக்கமே போகாமல் வரப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறீர்களாம். "மாமனப் பாக்கவே சகிக்கலீங்க அக்கா" என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யாரைக் கேட்டு உடைத்தீர்கள்? அது என் அம்மா கொடுத்த ஜாடி!

அன்றைக்கு நடந்ததில் உங்கள் தப்பு பாதி, என் நாக்கின் தப்பு பாதி. ஓடுகிற பெல்ட்டிலிருந்து பிடித்த மின்சாரத்தை உப்புத் தண்ணீர் ஊற்றிய ஊறுகாய் ஜாடியில் சேர்த்தீர்கள். முதல் நாள் மழை பெய்திருந்ததால், ஈரம் பட்டு வீணாகிவிடக் கூடாதென்று அடுப்போரம் கொண்டுவந்து வைத்தீர்கள். பக்கத்திலேயே என் மாவடு ஜாடி. இரண்டுக்கும் வாயில் வெள்ளைத் துணி. எட்டு மாசக்காரிக்குப் புளிப்பு கேட்காமல் என்ன செய்யும்? இருட்டில் ஒரு கையால் ஜாடியை அணைத்துப் பிடித்து, துணியை அவிழ்த்து, மறு கையை உள்ளே விட்டேன். வடுவா கிடைத்தது? தோளில் இடி விழுந்தது.

கண் விழித்தபோது உங்கள் மடியில் கிடந்தேன். "கண்ணு, கண்ணு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளை வயிற்றில் அசையும்வரை நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது தலை நிமிராமல் நின்றீர்களே, அதுதான் எனக்கு ஷாக்கைவிட வலித்தது.

மாமா, இதை எல்லாம் எதற்காக ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு மறக்குமா? கரண்ட் கம்பம் நம் தோட்டத்துப் பக்கம் திரும்பாமல் ரோட்டோடு பொள்ளாச்சிக்குப் போய்விட்ட வருஷம், சமையலறை இருட்டில் தேளை மிதித்தேன். என் அக்கா வீட்டுக்காரராக இருந்தால், "பாத்து நடக்கறதுக்கென்ன, கண்ணு பொடனிலயா இருக்குது?" என்று கேட்டிருப்பார். நீங்கள் வலி இறங்கும்வரை என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மறு வாரமே கோயமுத்தூர் போய் அந்தக் குட்டி பல்பை வாங்கி வந்தீர்கள். ஜாடி மின்சாரத்தில் அது எரிந்ததென்னவோ மாதுளை முத்தளவு, அதுவும் கண் சிமிட்டும் நேரம். அரிசியில் கல் பொறுக்கக்கூட ஆகாது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் பெண்டாட்டி நடக்கிற இடத்தில் வெளிச்சம் வேண்டுமென்று இப்படி மல்லுக்கட்டிய ஆள் எங்கள் வகையறாவில் வேறு யாரும் இல்லை. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கொடுத்து வைத்தவள்.

அப்பா இங்கே ஒரே பிடியாக நிற்கிறார். "அந்தக் கிறுக்கு வேலைய உட்டுப்போட்டேன்னு மாசாணியம்மன் முன்னால சத்தியம் பண்ணட்டும், அப்பறம் புள்ளையப் பாக்கட்டும்" என்கிறார். நான் சொல்லிவிட்டேன்: "அவரு எதையும் உட வேண்டியதில்லீங்க. சமையல் ஊட்டுக்குள்ள கொண்டார வேண்டாம்னு சொன்னாப் போதும், கேட்டுக்குவாரு." அப்பா வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார். ஆகவே நீங்கள் சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம். இப்போது பாலக்காட்டுக் காற்றும் சாரலும். பெல்ட்டில் ஒன்றும் சேராது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தை பிறந்து காற்று காயட்டும், எஞ்சின் ரூமிலேயே வைத்து மறுபடி பாருங்கள். வேறு ஜாடி நான் தருகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை தொட்டில் போட நாள் குறித்திருக்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் தாய்மாமன் தூக்கிப் போடட்டும் என்று பேச்சு. தம்பிதுரையும் புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறான், பாவம். அவள் அப்பன் கையால் அல்லாமல் என் மகள் தொட்டில் ஏற மாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிப்போட்டேன். அதுவரை ராத்திரி பகல் என் மடியில்தான் கிடப்பாள்.

அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எனக்குக் கை மரத்துப்போகிறது மாமா. வந்து இவளை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி,
சாந்தாமணி