எமகண்டத்தில் கப்பல் ஏறுவது

நவம்பர் 28, புதன். விருதுநகர்

காலையிலிருந்து தூறல். குடையைக் காரியாபட்டி பஸ்ஸில் விட்டேன். போனது போனதுதான். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைச் செய்தி அனுப்பியாயிற்று. லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘கப்பல் பயணம்’. பத்திரிகை ஆபீசில் சிரிப்பு.

மதியம் கதிர் மறுபடி போன் செய்தான். தாயில்பட்டி சங்கரபாண்டி அண்ணனின் ஒரே மகன். அண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். பையன் இரண்டு வருடமாகக் கப்பல் சமையலறையில் வேலை. ஊழியர் குடும்பச் சலுகையில் மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறான்: அப்பா, அம்மா, வழிகாட்ட நான். கொச்சியில் ஏறி, லட்சத்தீவுப் பக்கம் போய், மறுபடி கொச்சி. ஞாயிறு புறப்பாடு.

அவன் சொன்னது, அப்படியே:

“சித்தப்பா, பன்னெண்டு மணிக்கு ஆள் ஏத்த ஆரம்பிப்பாக. நாலு வரைக்கும் ஏறலாம். ஆனா எனக்குப் பன்னெண்டுல இருந்து ஒண்ணு வரைக்கும்தான் கப்பல் வாசல்ல நிக்க பெர்மிஷன். அப்புறம் கிச்சன். கிச்சன் ஆளுக பாசஞ்சர் பக்கம் தலகாட்டக் கூடாது. இறங்குற அன்னிக்கும் இதே கததான். அப்பாவ அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள கூட்டியாந்துருங்க.”

“உங்கப்பா உங்கூடப் பேசுவாராடா?”

“பேச வேணாம் சித்தப்பா. பாத்தாப் போதும்.”

அழைத்துப் போவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்ய வேண்டும்.

நவ. 29, வியாழன்

மழை இல்லை. தாயில்பட்டி போனேன். தீபாவளி முடிந்து ஆலைகள் இன்னும் திறக்கவில்லை. டீக்கடை பெஞ்சுகள் நிறைய ஆள்.

அண்ணன் பட்டாசு ஆலையில் போர்மேன். கதிர் கேட்டரிங் படித்து முடித்ததும் ஆலை ஆபீசில் அவனுக்கு வேலை பேசி வைத்திருந்தார். “உங்க கம்பெனி வாசல்ல கால் வைக்க மாட்டேன்” என்றான் அவன். “அப்ப என் வாசல்லயும் வைக்காத” என்றார் இவர். அன்று போனவன்தான். இரண்டு தீபாவளி ஆயிற்று.

வரச் சம்மதித்ததே மதினியால்தான். நீங்கள் வராவிட்டால் நான் தனியாகப் போவேன் என்று சொல்லிவிட்டாராம்.

“கப்பலப் பாக்கத்தான் வாரேன். அவனப் பாக்க இல்ல. தெரிஞ்சுக்க” என்றார் அண்ணன், என்னிடம்.

பன்னிரண்டு மணி என்று சொன்னதும் எழுந்து போய்த் தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் புரட்டினார். பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை எமகண்டம்.

“ரெண்டு மணிக்கு ஏறுவோம்.”

“ஒண்ணுக்கு மேல அவன் இருக்க மாட்டான் அண்ணே.”

“நானென்ன அவனப் பாக்கவா வாரேன்?”

வாதாடவில்லை. இந்த விஷயத்தில் அவரோடு வாதாடுவது கஷ்டம், அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பல வருடம் முன்பு ஒரு சீசன். அவசர ஆர்டர். எமகண்டத்தில் வெடிமருந்து அறையைத் திறக்கச் சொன்னார்கள். அண்ணன் மாட்டேன் என்று வெளியே நின்றார். இன்னொருவர் திறந்தார். அவர் திரும்பி வரவில்லை. செய்தி எழுதியது நான். உச்சி வெயிலில் மருந்து கலந்ததுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள், அதையும் எழுதினேன். கதிரும் அதையேதான் அவரிடம் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறான். அண்ணன் அந்தச் செய்தியைப் படித்ததே இல்லை.

நவ. 30, வெள்ளி

பல்வலி. கிராம்பு.

மறுபடி தாயில்பட்டி. வழியெல்லாம் யோசனை. ஞாயிறு ஒரு மணிக்குள் அவர் அந்த வாசலில் நிற்க வேண்டும். கடிகாரத்தைத் தள்ளி வைக்கலாமா? அண்ணன் வெயிலைப் பார்த்தே மணி சொல்லுவார். வேண்டாம்.

டிக்கெட்டோடு வந்த தாளை நிதானமாகப் படித்தேன். நாம் ஏறுவது பன்னிரண்டுக்கு மேல். ஆனால் பெட்டிகளைப் பத்து மணியிலிருந்தே வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். மதினியிடம் வாசித்துக் காட்டினேன். குழம்புக்கு அரைத்துக் கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப பரஸ்தானம் வச்சமாதிரிதான தம்பி?”

அதேதான். நல்ல நேரத்தில் ஒரு சாமானை முன்னால் அனுப்பி வைத்துவிட்டால் பயணம் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எப்போது போனாலும் தோஷமில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் கோர்ட்டுக்குப் போகிறவர்களும் இன்றும் செய்வது. பக்கத்து வீட்டில் கொண்டு போய் வைப்பார்கள். நாங்கள் கப்பலில் வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் அந்தத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “கப்பலுக்குள்ள போயிரணும். கரையில கெடந்தா கணக்கில்ல.”

“போயிரும் அண்ணே.”

“பெட்டிய நானே கட்டுறேன். யாரும் தொடக் கூடாது.”

மதினி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

டிச. 1, சனி

பஸ். தென்காசி, செங்கோட்டை, மலை, மழை. மதினிக்கு இரண்டு தடவை வாந்தி. “பஸ்ஸுக்கே இந்தப் பாடு, கப்பலுக்கு என்ன பாடோ” என்று முன்சீட்டு அம்மா. “அது தண்ணில போகும்மா, வளைவு கிடையாது” என்றார் மதினி.

எர்ணாகுளம் லாட்ஜ். மூன்று பேருக்கும் ஒரே அறை.

கொண்டுவந்தவை: அண்ணன் கட்டிய பெட்டி, பூட்டோடு. மதினியின் முறுக்கு டப்பா, சேவுப் பொட்டலம், எலுமிச்சம்பழம் ஆறு. என் தோள்பை.

மொட்டை மாடியிலிருந்து துறைமுகம் தெரிகிறது. அண்ணன் தனியாகப் போய் நின்றுவிட்டு வந்தார்.

“அங்கன ஒரு வெள்ளைக் கப்பல் நிக்கி. ஆறு மாடி இருக்கும்.”

“அதுவா இருக்கும் அண்ணே.”

“அம்புட்டுப் பேருக்கும் ஒரே அடுப்புலயா பொங்குவாக?”

இரண்டு வருடத்தில் மகனின் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. பல அடுப்புகள் இருக்கும் என்றேன். தலையாட்டினார்.

டிச. 2, ஞாயிறு

வானம் சுத்தம். காற்று இல்லை. கப்பல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும்.

பத்தரைக்குத் துறைமுகம். பெட்டியை வாங்கிக்கொண்டு அட்டை கட்டினார்கள். தள்ளுவண்டியில் அது உள்ளே போகும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். “சரி. கெளம்பியாச்சு” என்றார். எனக்குப் பாதி வேலை முடிந்தது.

பன்னிரண்டு மணி. வரிசை நகர்கிறது. எமகண்டம் தொடங்கிவிட்டது, ஆனாலும் அண்ணன் வரிசையைவிட்டு விலகவில்லை. எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கையில் ஒலிபெருக்கியில் ஒரு பெயர். சங்கரபாண்டி.

தனி அறை. மேஜை மேல் எங்கள் பெட்டி. பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். வேட்டிகளுக்கு நடுவில், துண்டில் சுற்றி, ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு.

“இது ஆருடெ?” என்றார் காவல் அதிகாரி.

நான் மதினியைப் பார்த்தேன். மதினி, “சத்தியமா நானில்ல.”

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்குள்ளது.”

ஆலை வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவர் மடியையும் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தே காலம் கழித்தவர். பீடி வைத்திருந்த சொந்த மச்சானை வேலையைவிட்டு நிறுத்தியவர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எந்தினா இது?” எதற்கு என்று கேட்கிறார்.

“பையனுக்கு. ரெண்டு தீவாளி கொளுத்தல.”

அதிகாரிக்குத் தமிழ் புரிந்ததா, தெரியவில்லை. மேலதிகாரியைக் கேட்க வேண்டும், உட்காருங்கள் என்றார். பத்திரிகை அட்டையை எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுத்தால் இன்னும் நேரமாகும். ஊரைச் சொன்னேன். சிவகாசிப் பக்கம். “ஓ, சிவகாசி” என்று சிரித்தார். மத்தாப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். நாங்கள் போகலாம். பெட்டி வேறு சோதனை முடிந்து பின்னால் வருமாம்.

“நீங்க செஞ்சது சரிதான் சார்” என்றார் அண்ணன் அவரிடம், சக போர்மேனிடம் சொல்வதுபோல.

வெளியே வந்ததும் நின்றுவிட்டார். “பெட்டி கரையில கெடக்கு. பரஸ்தானம் போச்சு.”

பன்னிரண்டே முக்கால்.

நான் வாயைத் திறக்குமுன் மதினி: “எமகண்டம் பாக்குற மனுசன், மத்தாப்பப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கையில பாத்தீகளா? அத எந்த நேரத்துல வச்சீக?”

அண்ணன் கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவனப் பாக்க வரலைன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. பின்ன மத்தாப்பு யாருக்கு, கேப்டனுக்கா? நான் போறேன். நீங்க ரெண்டு மணிக்கு வாங்க. நல்ல நேரத்துல வந்து கப்பலப் பாருங்க.”

முறுக்கு டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தீர்மானம். கப்பலுக்கு ஏறும் பாலத்தில் பாதி வழியில், பின்னால் செருப்புச் சத்தம். பிறகு சத்தம் இல்லை. திரும்பினேன். அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

வாசலில் வெள்ளைச் சட்டையில் கதிர். மெலிந்திருக்கிறான். மதினி உள்ளே போய் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றார். செருப்பை ஓரமாக வைத்தார். வலது உள்ளங்கையைக் கதவு இரும்பில் அழுத்தி வைத்தார். மருந்து அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொடுவார்கள், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க. அந்தப் பழக்கம்.

பின்னால் வரிசை நின்றது. யாரோ இங்கிலீஷில் முணுமுணுத்தார்கள்.

“இங்கன மருந்து இல்லப்பா” என்றான் கதிர்.

“அடுப்பு இருக்குல்ல.” கையை எடுக்கவில்லை. “வெளிய வாலே. வெளிச்சத்துல பாக்கணும்.”

“இந்தக் கோட்டத் தாண்டுனா வேல போயிரும்ப்பா. நீங்கதான் வரணும்.”

அண்ணன் தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.