அந்தப் பெண் சொல்ல வந்தது

டீச்சர்,

இன்று காலை பீரோவைத் திறந்து கயிற்றை வெளியே எடுத்தேன். மீட்டருக்கு ஒரு முடிச்சாக நாம் இருவரும் உட்கார்ந்து போட்ட இருபத்துநாலு மீட்டர் நைலான் கயிறு. முடிச்சுகளுக்குள் உப்பளத்துச் சேறு காய்ந்து இறுகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் அந்த வாடை அடித்தது; கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். 

நீங்கள் ஆறாம் வகுப்புக்கும் நான் ஏழாம் வகுப்புக்கும் கணக்கு எடுத்தோம். சேர்ந்து பாடம் யோசிக்கப் பள்ளியில் நமக்கு நேரம் கிடைத்ததே இல்லை. சாயங்காலம் மரக்காணம் பஸ் ஸ்டாப்பில்தான் யோசித்தோம். பொம்மையார்பாளையம் போகிற உங்கள் பஸ் முதலில் வரும். பேச்சு முடியவில்லை என்றால் அதை விட்டுவிடுவீர்கள். பிரம்மதேசம் போகிற என் பஸ்ஸையும் விட வைப்பீர்கள். நோட்டில் ஒரு பக்கம் நாம் கேட்கப்போகும் கேள்வி. எதிர்ப்பக்கம் பிள்ளைகள் சொல்லக்கூடிய பதில்கள், அதிலும் தப்பான பதில்கள் முதலில். "இப்ப நான்தான் ஏழாங்கிளாஸ் பொண்ணு, கேளுங்க" என்று பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். நான் கேட்பேன். "ஒரே கயிறுதான டீச்சர்? அப்ப உள்ள இருக்கிற எடமும் ஒரே அளவுதான் இருக்கும்" என்று அடம்பிடிப்பீர்கள். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அம்மா ஒருவர், "இந்த டீச்சருக்குக் கணக்கே வராது போலக்குது" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நீங்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கும் பஸ் போய்விட்டது.

அந்தக் கயிற்றுப் பாடத்தில்தான் நான் சொதப்பினேன். உப்பளத்து ஓரத்தில் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சதுரமாக நின்றார்கள், பிறகு நீளமான செவ்வகமாக நின்றார்கள். உப்பு எடுக்க எந்தப் பாத்தி நல்லது என்று கேட்டேன். கேட்டுவிட்டு நான் வாய் திறக்கக் கூடாது என்பது நாம் பேசிவைத்தது. உங்கள் வகுப்புக்கு அப்போது விளையாட்டு பீரியட். நீங்கள் பின்னால் நின்று பிள்ளைகள் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தீர்கள். அப்பா அம்மா இருவரும் உப்பளத்து வேலைக்குப் போகிற ஒரு பெண், வகுப்பில் பேசியே பழக்கமில்லாதவள், மெதுவாக "டீச்சர், ஆனா..." என்றாள். நான் முந்திக்கொண்டேன். சதுரத்துக்குத்தான் பரப்பு அதிகம் என்று கணக்குப் போட்டே சொல்லி முடித்தேன். மணி அடிக்கப்போகிறது என்று உங்களிடம் சாக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் என் வகுப்பு பதில் தெரியாமல் நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு இப்பதான் பேச வந்துச்சு. நீங்க பேசிட்டீங்க" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் உங்களோடு சாப்பிடவில்லை. எனக்கு வந்த முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போனேன். அடுத்த திங்கட்கிழமை நீங்களாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தீர்கள். "பின்னத்துக்கு என்ன கேக்கலாம்?" என்றீர்கள். நானும் ஒன்றும் நடக்காதது போல ஆரம்பித்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். முழுப்பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அங்கிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு நான் கயிற்றைத் தொடவில்லை. போர்டில் படம் போட்டே அந்தப் பாடத்தை முடித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்தப் பெண்ணை பஸ்ஸில் பார்த்தேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். "எதுங்க டீச்சர்? எனக்கு ஞாபகமே இல்லீங்க" என்று சிரித்தாள். அவள் இறங்கும் வரை வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தோம்.

இந்தப் பிள்ளைகளையாவது பேச விடலாம் என்றுதான் இன்று கயிற்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை உப்பளத்து ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். சும்மா நிற்பது எனக்கு இன்னமும் கஷ்டம்தான். சதுரம்தான் பெருசு என்று ஒரு கூட்டம் பெருக்கிப் பார்த்துச் சொன்னது. கயிற்றின் கடைசி முடிச்சைப் பிடித்திருந்த ஒருத்தி, "பெருசா இருந்தா நல்லதா? எங்கம்மாவக் கேட்டா நீளமானதுதான் நல்லதுன்னு சொல்லும்" என்றாள். ஏன் என்று பிள்ளைகள்தான் கேட்டார்கள், நான் கேட்கவில்லை. "அகலம் கம்மியா இருந்தா வரப்பு மேல நின்னே உப்பு வாரிடலாம். உள்ள எறங்க வேணாம். கால் புண்ணாவாது" என்றாள். உப்பு அதிகம் வேண்டுமா, கால் நன்றாக இருக்க வேண்டுமா என்று மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை.

நம் நோட்டின் எதிர்ப்பக்கத்தில் இந்தப் பதில் இல்லை. எத்தனை பஸ்ஸை விட்டோம், நமக்கு இது தோன்றவே இல்லை. அன்று அந்தப் பெண் சொல்ல வந்ததும் இதுதானோ என்னவோ. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தப்பு என்னுடையது டீச்சர்.

கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் எனக்குக் கொடுத்தது. நீங்கள் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டால்தான் என்னால் அப்படி நிற்க முடிகிறது. இன்று அவள் சொல்லி முடித்ததும், எழுதிக்கொண்டீர்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.